நாமான் வீட்டுச் சிறுமி

(வானொலி மறையுரை. தவக்காலம் மூன்றாம் வாரம், திங்கள். வாசகங்கள்: 2 அரசர்கள் 5:1-15, லூக்கா 4:24-30)



இன்றைய முதல் வாசகத்தில் நாமானைப் பற்றிக் கேட்டோம். சிரியா நாட்டுப் படைத்தளபதி. பெரிய வீரன், அரசனுக்கு வேண்டியவன், ஆனால் உடம்பில் தொழுநோய். இந்தப் பகுதியை வாசித்தவுடன் நாம் எல்லோரும் நேரே யோர்தான் ஆற்றுக்குப் போய்விடுவோம். ஏழு முறை மூழ்கினான், நலம் பெற்றான் என்று முடித்துவிடுவோம். அதற்கு முன்னால் இரண்டே வசனத்தில் ஒருத்தி வந்து போகிறாள். அவளுக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. இஸ்ரயேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட சிறுமி. நாமானின் மனைவிக்குப் பணிவிடை செய்கிறாள். சமாரியாவில் ஓர் இறைவாக்கினர் இருக்கிறார், ஐயா அவரிடம் போனால் குணமாகிவிடும் என்று தன் எசமானியிடம் அவள்தான் வாய் திறந்து சொல்கிறாள்.

அவளுடைய நிலைமையை எண்ணிப் பாருங்கள். எல்லை தாண்டி வந்தவள். தாய்மொழி வேறு. வயதில் சிறியவள், பெண், அதிலும் அடிமை. அந்த வீட்டில் கருத்துச் சொல்ல எல்லோருக்கும் முறை வந்த பிறகும் அவளுக்கு வராது. ஆனால் யாருக்கு நோய் என்று அவளுக்குத் தெரியும். குணம் எங்கே கிடைக்கும் என்றும் தெரியும். இரண்டையும் தெரிந்தவர் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். சொன்னாள். அதைவிடப் பெரிய விஷயம், எசமானி காதுகொடுத்துக் கேட்டாள். என்னைக் கேட்டால் இந்த அதிகாரத்தின் முதல் புதுமை யோர்தானில் நடக்கவில்லை, நாமான் வீட்டு அடுக்களையில் நடந்தது என்பேன். (அடுக்களை என்று விவிலியத்தில் இல்லை. அது என் ஊகம்.)

பிறகு பெரியவர்கள் செய்ததையும் பாருங்கள். சிறுமி சொன்னது இறைவாக்கினரிடம் போகச் சொல்லி. சிரியா அரசனோ இஸ்ரயேல் அரசனுக்குக் கடிதம் எழுதுகிறான். வெள்ளியும் பொன்னும் பட்டாடையும் வண்டியில் ஏறுகின்றன. கடிதத்தைப் படித்த அரசன், இவன் என்னோடு வம்புக்கு வருகிறான் என்று ஆடையைக் கிழித்துக்கொள்கிறான். ஒரு சின்னப் பெண் தெளிவாகச் சொன்ன விலாசம், இரண்டு அரசர்களின் கைக்குப் போனதும் தவறிப்போயிற்று!

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு எங்கள் பங்கில் இளையோருக்கு உடல்நலப் பயிற்சி ஒன்றைத் தொடங்க இருக்கிறோம். அன்பியக் கூட்டத்தில் அதைச் சொன்னபோது ஒரு பெரியவர் கேட்டார்: “சாமி, சின்னப் பிள்ளைகளுக்கு நோயைப் பற்றி என்ன தெரியும்? டாக்டரைக் கூப்பிட்டு ஒரு முகாம் போட்டால் போதாதா?” நல்ல கேள்வி. முகாமும் வேண்டும்தான். ஆனால் முகாம் என்பது மாலை நான்கு மணிக்குப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடும். நோய் ராத்திரியிலும் தெருவில்தான் இருக்கும்.

எங்கள் ஜூஜுவாடியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் கடைசித் தெரு அது. சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம், அத்திப்பள்ளி. இந்தப் பக்கம் ஓசூர் சிப்காட், அந்தப் பக்கம் பொம்மசந்திரா. லைன் வீடுகளில் ஒரு வாசலில் தருமபுரிக்காரர், அடுத்த வாசலில் ஒடிசாக்காரர், அதற்கடுத்து திருவண்ணாமலை. மூன்று ஷிப்ட். பக்கத்து அறையில் இருமுகிறவர் யார் என்று பெரியவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் தூங்கும் நேரத்தில் இவர்கள் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பேருந்தில் கன்னடம், வடநாட்டுத் தொழிலாளர்களோடு இந்தி என்று நான்கு மொழியில் வாயாடும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். பாடத்தில் மதிப்பெண் குறைகிறது என்று நாம் திட்டுகிற அதே பையன், ஒரு பீகார்த் தொழிலாளியை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், அவர் சொல்வதை டாக்டருக்கும் டாக்டர் சொல்வதை அவருக்கும் எடுத்துச் சொல்லக் கூடியவன்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதுபோலத் தெரியும், அங்கேதான் ஆபத்து. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நிறுத்திவிடுவார்கள். இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் வேறு கம்பெனிக்கு அனுப்பியிருப்பார், எல்லைக்கு அந்தப் பக்கம் அறை மாறியிருப்பார்கள், மாத்திரை இந்தப் பக்கமே நின்றுபோயிருக்கும். பாதியில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஊர் மாறினாலும் சிகிச்சையை மாற்றிக்கொள்ள முடியும், புது ஊரிலும் மருந்து இலவசமே. சிகிச்சை பெறுவோருக்குச் சத்துணவுக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள எம்.பி.பி.எஸ். வேண்டியதில்லை. தெரிந்த ஒருவர் தெருவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று சம்பளச் சீட்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிற தொழிலாளியிடம் இ.எஸ்.ஐ.க்காக 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். 2019 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு, குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் பணம் பிடிபடுகிறது என்று தெரிந்த பலருக்கு, தன் பெயரில் எண் இருக்கிறதா, மனைவி பிள்ளைகள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று தெரியாது. நெஞ்சுவலி வந்த ராத்திரியில்தான் தேடுவார்கள். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் அந்த வீட்டின் கடன் பாதி குறையும். உடல்நலத்துக்காகக் குரல் கொடுப்பது என்றால் மேடையேறி முழங்குவது என்று நினைக்காதீர்கள். இதுவும் குரல்தான்.

தருமபுரி மாவட்டத்தில் அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கி என்றொரு பள்ளத்தாக்கு. மலைவாழ் மக்களும் லம்பாடி மக்களும் வாழும் இடம். 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே போனார்கள். அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைக் காணாமல் இறந்துகொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் தரும் கணக்கு. ஒரு குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். இரண்டு டாக்டர்கள் எத்தனை மலை ஏறி இறங்க முடியும்? அந்த ஊர்களிலிருந்தே இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய படிப்பில்லாத பெண்கள். நோயாளியைக் கவனிக்கவும், பிரசவம் பார்க்கவும், அறுவைச் சிகிச்சையில் கைகொடுக்கவும் பல ஆண்டுகள் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஊருக்கு ஒரு பெண் என்று வைத்து, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தேடிப்போய்ப் பார்க்கச் செய்தார்கள். அந்த 147 பிற்பாடு இருபதை ஒட்டி இறங்கியது. சாக வேண்டாத குழந்தைகள் அங்கே இப்போது வளர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அது திருஅவை நடத்தும் மருத்துவமனை அல்ல. ஆனால் நல்லது எங்கே நடந்தாலும் அதைப் பீடத்திலிருந்து சொல்வது என் கடமை.

அவ்வளவு தூரம் போவானேன், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரி பக்கம் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையை வாசலிலேயே தருகிறார்கள். உலகமே பாராட்டிய திட்டத்தை வாசல்வரை கொண்டுவந்தவர்கள் நம் பக்கத்து வீட்டு அக்காக்கள்.

பிறகு என்ன தடை? அதை இன்றைய நற்செய்தி சொல்கிறது. நாசரேத்து மக்கள் நடுவே நின்று இயேசு இதே நாமானின் பெயரைச் சொல்கிறார். சொந்த ஊரில் இறைவாக்கினரை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்கிறார். உடனே அவரை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தெரிந்த பையன் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. தெரியாத டாக்டர் அதையே சொன்னால் தலையாட்டுகிறோம்.

வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1990-களின் கடைசியில், ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்த காலத்தில், பெண்சிசுக் கொலைக்கு எதிராகக் கலைப்பயணம் என்று கிராமம் கிராமமாக நாடகக் குழுக்கள் போயின. பயிற்சி பெற்ற இளைஞர்களும் இளம்பெண்களும், ஊரே மூடி மறைத்துக்கொண்டிருந்ததை ஊர் நடுவில் நடித்துக் காட்டினார்கள். தாயைக் குற்றவாளி என்று காட்டாமல், அவளை அந்த இடத்துக்குத் தள்ளிய வரதட்சிணையையும் வீட்டாரையும் காட்டினார்கள். பெரியவர்கள் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இப்போது பெற்றோரிடம் நேராகவே கேட்கிறேன். பெண்பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பத் தயக்கம் என்கிறீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. உங்கள் மகள் அந்த 53-ல் ஒருத்தியா என்று உங்களுக்குத் தெரியுமா? எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காருகிறவள் அவள்தானே. பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை. நம் சோதனைச்சாவடியில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். பிடிபடாத மூட்டை யார் கன்னத்தில் அடங்குகிறது? நான் பீடத்திலிருந்து சொன்னால் அவன் குனிந்துகொள்வான். அவனோடு கபடி ஆடுகிறவன் சொன்னால் ஒருவேளை துப்புவான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் இளையோருக்கு எழுதிய ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்ற ஊக்கவுரையில், இளையோர் நாளைக்குத் தேவைப்படுவோர் அல்ல, இன்றே கடவுளுக்கு உரியவர்கள் என்ற கருத்தை வலியுறுத்தினார். நாம் இன்னும் அவர்களைத் திருவிழாவுக்குத் தோரணம் கட்டத்தான் கூப்பிடுகிறோம். தோரணமும் கட்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பயிற்சி எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு: ஞாயிறு மாலை, மறைக்கல்வி அறையில். இரத்த அழுத்தம் பார்க்கக் கற்பார்கள். மாத்திரைச் சீட்டைப் படிக்கக் கற்பார்கள். எதைத் தாங்களே செய்யக் கூடாது, எப்போது உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைத்தான் அதிகம் கற்பார்கள். அடுத்தவர் வீட்டு நோயை வெளியே பேசக் கூடாது என்பது முதல் பாடம். மாநகராட்சி வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால், சாக்கடை அடைப்பைப் பற்றி மரியாதையாக, எழுத்தில், தேதி போட்டுக் கேட்கவும் பழகுவார்கள். ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு டீயும் சுண்டலும் உண்டு. அதை மாதர் சங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பெரியவர்களுக்கும் அதில் ஒரு வேலை வைத்திருக்கிறேன். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குப் பழக ஆள் வேண்டும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்ததும், கோவில் திண்ணையில் மேசை போட்டு அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் முறை பட்டையைச் சரியாகக் கட்டத் தெரியாமல் இரண்டு தடவை கட்டுவார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுமையோடு வாருங்கள். உப்பைக் குறையுங்கள் தாத்தா என்று சொன்னால், சரி என்று சொல்லிவிட்டுப் போங்கள்.