சிந்தனைத் தலைவர்களும் ஒரு கண்ணீர்ப் படமும்



லிங்க்ட்இன் என்னும் இணையத்தளம் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலே தொடங்கப்பெற்றது. வேலை தேடுவோரும் ஆள் தேடுவோரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அமைந்த தளம் அது. நல்ல நோக்கமே, குறைகூற ஒன்றுமில்லை. 2012இல் பெயர்பெற்ற சிலருக்கும், 2014 தொடக்கம் படிப்படியாக ஏனைய உறுப்பினர்க்கும் அங்கே கட்டுரை வரையும் வசதி அளிக்கப்பட்டது. பின்னர், தம்மைத் தாமே ‘சிந்தனைத் தலைவர்’ என அழைத்துக்கொள்வோர்க்கு அங்கே பஞ்சமில்லாது போயிற்று.

இவர்தம் எழுத்தின் இலக்கணத்தைச் சற்று நோக்குங்கள். ஒரு வரி, பின் வெற்றிடம், மீண்டும் ஒரு வரி. முதற் சில வரிகளே கண்ணிற் படும். எஞ்சியவற்றைக் காண வேண்டின் ‘மேலும்’ என்பதை அழுத்துதல் வேண்டும். ஆதலின் முதல் வரியிலேயே எவராவது அழுதாக வேண்டும், அல்லது வேலையிழந்தாக வேண்டும். முடிவிலே தலைமைத்துவம் பற்றிய ஒரு பாடம். நம் ஊர்க் கமக்காரர் தம் வெங்காயம் அழுகிய கதையைச் சொல்வாராயின், எந்தத் தறை, என்ன மருந்து, எவ்வளவு நட்டம் என்று சொல்வார். கேட்பவருக்கு அடுத்த போகத்தில் அது உதவும்.

2022 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலே சிறு கம்பனி ஒன்றின் தலைவர் ஊழியர் சிலரை வேலையிலிருந்து நிறுத்தினார். நிறுத்தியபின், தாம் கண்ணீர் வடிக்கும் படத்தை அத்தளத்தில் வெளியிட்டார். தவறு தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார். அந்நேர்மையை நான் மறுக்கவில்லை. அவர் துயரம் பொய்யென்றும் சொல்லேன். ஆயினும், வேலையிழந்தவர் எவர்? உலகம் கண்டது எவர் முகத்தை?

இத்தகைய வேளைகளில் வேலையிழந்தவர் வாய்திறக்கவும் அஞ்சுவார். அவரை அடுத்து வேலைக்கு அமர்த்தக்கூடியவர்களும் அதே தளத்திலன்றோ பார்த்திருக்கின்றனர்! கசப்பைக் காட்டினால் ‘ஒத்துப்போகாதவர்’ என்பர். ஆகவே அவரும், கற்ற பாடங்களுக்கு நன்றி கூறி நாலு வரி எழுதிவிடுகிறார். சம்பளம் நின்றவரே, நிறுத்தியவருக்கு நன்றி கூறும் விந்தை இது.

அண்மையில் ஒரு தம்பி தன் விண்ணப்பத்தை எனக்குக் காட்டினான். முதல் வரியிலே ‘சிந்தனைத் தலைவன்’ என்று கண்டேன். ஈராண்டு காலம் ஒரு கடைக்குக் கணக்கெழுதியவன் என்ற செய்தி கடைசி வரியிற் கிடந்தது. அதனை முதலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். தம்பி தயங்கினான்.

“அங்கே எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஐயா” என்றான்.