தடம் நனையும் நேரம்



கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டுவதைக் கலை என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வெறும் பொழுதுபோக்கு என்பார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகும் வழி என்பவர்களும் உண்டு. நான் அதைக் கலை என்றுதான் மதிக்கிறேன். எல்லா நேரத்திலும் அல்ல. வெயில் காய்ந்த தடத்தில் தூறல் விழுந்து, தூறல் மழையாகி, மழை விட்டுத் தடம் மறுபடி உலர்ந்துவரும் ஒன்றரை மணி நேரத்தில், ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்த நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஓட்டும்போது அது கலையாகிறது. மாட்டு வண்டிப் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்த்து, எந்தச் சாரதி எந்த இடத்தில் நிதானம் இழந்தார் என்று சொல்லத் தெரிந்த மாவட்டம் நம் மதுரை. பந்தயத்தை எடைபோடத் தெரிந்தவர்களிடம் பேசுகிறேன் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன்.

இதற்கு சிம் ரேசிங் என்று பெயர். மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய ஸ்டீரிங், காலடியில் பெடல்கள், காதில் மைக் வைத்த ஹெட்போன். எங்கள் கூட்டத்தில் மதுரை வண்டியூரில் இருவர், அண்ணா நகரில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், வேலைக்காகச் சிங்கப்பூர் போனவர் ஒருவர். எல்லாரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். இங்கே சனிக்கிழமை இரவு பத்து மணி என்றால் சிங்கப்பூரில் பன்னிரண்டரை. அவர் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்.

அந்த ஸ்டீரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. நிஜக் காரில் வளைவில் திரும்பும்போது சக்கரம் நேராக வரப் பார்க்கும். அந்த இழுப்பைக் கையில் உணர்கிறோம் அல்லவா? அதே இழுப்பை இந்த மோட்டார் தருகிறது. டயர் தரையைக் கவ்விப் பிடித்திருக்கும்வரை இழுப்பு கனமாக இருக்கும். பிடி விடப் போகிறது என்றால், விடுவதற்குச் சற்று முன்பே கனம் குறையும். வறண்ட தடத்தில் இந்த எச்சரிக்கை தெளிவாக வரும். ஈரத்தில் எல்லா விசையும் குறைந்துவிடுவதால் எச்சரிக்கையும் மெலிந்துபோகிறது. அந்த மெலிந்த எச்சரிக்கையை விரல் நுனியில் கேட்கக் கற்பதுதான் மழை ஓட்டத்தின் முதல் பாடம். ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு அது கேட்காது.

மழையைக் கணினிக்குள் கொண்டுவருவது லேசான வேலை அல்ல. 2008-ல் தொடங்கிய ஐரேசிங் என்ற புகழ்பெற்ற களத்தில் மழை வந்ததே 2024 மார்ச்சில்தான். ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் அங்கே எல்லாப் பந்தயங்களும் காய்ந்த தடத்தில்தான் நடந்தன. திரையில் துளிகளைக் காட்டுவது எளிது. தடத்தின் ஒவ்வொரு திட்டிலும் எவ்வளவு தண்ணீர், எந்தப் பள்ளத்தில் தேங்குகிறது, எத்தனை கார் போனால் எவ்வளவு உலரும் என்று கணக்கிட்டு, ஓட்டுகிற எல்லார் வீட்டுக் கணினியிலும் அது ஒன்றுபோல் இருக்கும்படி செய்வதுதான் கடினம். நாங்கள் ஓட்டுவது இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2019-ல் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனே. அதில் மழை தொடக்கத்திலிருந்தே உண்டு.

மதுரையில் இரு சக்கர வண்டி ஓட்டுகிற எவருக்கும் ஒன்று தெரியும். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த ரிங் ரோட்டில் முதல் தூறல் விழுகிற சில நிமிடங்கள்தான் ஆபத்து. எண்ணெயும் புழுதியும் ஈரத்தில் கலந்து வழுக்கும். மழை வலுத்துக் கழுவிய பிறகு சாலை ஓரளவு நம்பத்தக்கதாகிவிடும். பந்தயத் தடத்தில் இதற்கு மேல் இன்னொரு சங்கதியும் உண்டு. கார்கள் திரும்பத் திரும்ப ஒரே கோட்டில் போவதால் அந்தக் கோட்டில் டயர் ரப்பர் படிந்துவிடும். வெயிலில் அதுதான் நல்ல பிடி. மழையில் அதே இடம் வழுக்குப் பாறையாகிவிடும். ஆகவே மழை வந்ததும், பழகிய கோட்டை விட்டு விலகி, வெயிலில் யாரும் தொடாத வெளிப்பக்கத்தில் காரைக் கொண்டுபோக வேண்டும். நூறு சுற்று ஓட்டிக் கை பழகிய பாதையை ஒரு நிமிடத்தில் மறக்க வேண்டும். இது எனக்கு இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. வேகமாக ஓட்டுகிற பலருக்கு இது வருவதில்லை. அவர்களுடைய வேகமே மனப்பாடத்தில் இருப்பதுதான் காரணம்.

அடுத்தது டயர். வெயிலுக்கான பந்தய டயரில் பட்டனே இருக்காது, வழவழவென்று இருக்கும். மழை டயரில் தண்ணீரை வெளியேற்றப் பள்ளங்கள் உண்டு. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் பிரெல்லி தரும் முழு மழை டயர், 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொன்றும் வினாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை ஒதுக்கும். ஆனால் தடம் உலர ஆரம்பித்தால் அந்த மழை டயர் சூடேறிக் கெட்டுப்போகும். ஓட்டுநர் ஈரத் திட்டுகளைத் தேடிப் போய்ச் சக்கரத்தைக் குளிர வைக்கப் பார்ப்பார். எப்போது மாற்றுவது என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெல்ஜியத்தின் ஸ்பா தடம் ஒரு சுற்று ஏழு கிலோமீட்டர். ஈரத்தில் சுற்றுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தவறான டயரில் சுற்றுக்குப் பதினைந்து வினாடி இழப்பு. டயர் மாற்ற உள்ளே, அதாவது பிட்டுக்கு, போய் வர ஒரு நிமிடம் இழப்பு. அப்படியானால் நாலு சுற்றாவது மழை நின்று பெய்தால்தான் மாற்றியது கட்டுப்படியாகும். தடம் உலர்ந்தால் பழைய டயருக்குத் திரும்ப இன்னொரு நிமிடம். ஆக எட்டுச் சுற்று, இருபது நிமிடம். எங்கள் விளையாட்டில் திரை ஓரத்தில் வானிலைக் குறிப்பு வரும்: பத்து நிமிடம் கழித்து எப்படி, அரை மணி கழித்து எப்படி என்று. அந்த இரண்டுக்கும் நடுவே, திரை எதுவும் சொல்லாத இருபதாவது நிமிடத்தில்தான் முடிவு கிடக்கிறது. அதை ஓட்டுகிறவர்தான் எடுக்க வேண்டும்.

பெரிய பந்தயங்களும் இந்த இடத்தில்தான் திரும்பியிருக்கின்றன. 2008 நவம்பரில் பிரேசிலின் இன்டர்லாகோஸில் அந்த ஆண்டின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம். முடிய ஒருசில சுற்றுகள் இருக்கையில் மழை. முன்னணியில் இருந்தவர்கள் உள்ளே போய் டயர் மாற்ற, டீமோ கிளாக் மட்டும் அவருடைய அணித் தோழரோடு வெயில் டயரிலேயே நின்றார். ஃபெலிப்பே மாசா வென்று, அவர் வீட்டார் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே, கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் தடுமாறிய கிளாக்கை லூயிஸ் ஹாமில்டன் முந்தி ஐந்தாம் இடம் பிடித்தார். ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டம் மாசா கையிலிருந்து ஹாமில்டன் கைக்கு மாறியது. கிளாக்கைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் மழைக்கு முன் ஏழாவதாக இருந்தவர் ஆறாவதாக முடித்தார். அவர் கணக்கு சரியான கணக்கு. 2021-ல் ரஷ்யாவின் சோச்சியில் முதலில் போய்க்கொண்டிருந்த இளைஞர் லாண்டோ நாரிஸ், மழையிலும் டயர் மாற்ற மறுத்து வழுக்கிப்போய் ஏழாவதாக முடித்தார். உள்ளே போன ஹாமில்டனுக்கு அது நூறாவது வெற்றி. கிளாக்கும் நாரிஸும் செய்தது ஒன்றுதான். ஒருவருக்குப் பலித்தது, ஒருவருக்குப் பலிக்கவில்லை. மழை எப்போது வலுத்தது என்பது மட்டுமே வேறு.

இனி நண்பர்களிடம் வருகிறேன். முன்னால் போகிறவருக்குத்தான் தண்ணீர் முதலில் தெரியும். அவர் வாய் திறக்க வேண்டுமா? அண்மையில் ஸ்பாவின் ஓ ரூஜ் வளைவில் ஓட்டியபோது காதில் கேட்டது இது.

“மாப்ள, ஓ ரூஜ் ஏத்தத்துல வழுக்குது. பாத்து வா.”

“ரொம்பவா?”

“ஸ்டீரிங்ல கனமே இல்லடா.”

“சரி. நீ பிட்டுக்குப் போறியா?”

“நீ ரோட்டப் பாரு பங்காளி.”

இந்த ஐந்து வரியில் ஒரு முழு ஒழுக்கம் இருக்கிறது என்பேன். ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும். முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே வழுக்குகிறது என்பது எல்லாருக்கும் பொது. அதை மறைத்து நண்பனைச் சுவரில் மோதவிட்டு ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? டயர் மாற்றுவது எப்போது என்பது அவரவர் சொத்து. அதையும் சொல்லிவிட்டால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உள்ளே போய், பந்தயம் ஊர்வலமாகிவிடும்.

அன்று நாலு பேர் உள்ளே போனோம். சிங்கப்பூர் நண்பர் அவசரத்தில் திரைப் பட்டியலில் டயர் வகையை மாற்ற மறந்து உள்ளே வந்தார். சொன்னதைச் செய்கிற யந்திரம்தானே கணினி, புதிதாக இன்னொரு வெயில் டயரையே மாட்டி அனுப்பிவிட்டது. வெயிலில் எங்கள் எல்லாருக்கும் பின்னால் வருகிற கோயம்புத்தூர்க்காரர் மட்டும் உள்ளேயே வரவில்லை. வளைவுக்கு வளைவு வெளிப்பக்கமாக, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தார். பிறகு கேட்டபோது, வைப்பர் துடைத்த கண்ணாடியில் துளிகள் சிறுத்துக்கொண்டே வந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு முதலிடம் அவருக்கு. வறண்ட தடத்தில் எங்கள் வரிசை எப்போதும் ஒன்றேதான். யார் முதல், யார் கடைசி என்று ஓட்டாமலே சொல்லிவிடலாம். மழை வந்தால் அந்த வரிசை குலைகிறது. அதிர்ஷ்டம் என்று ஒதுக்காதீர்கள். மழையில் முன்னுக்கு வருகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

இதைக் கெடுக்கிற பழக்கங்களும் உண்டு. அந்த விளையாட்டில் வானிலை எவ்வளவு தாறுமாறாக மாறலாம் என்பதற்குச் சுழியம் முதல் ஏழு வரை ஓர் அளவு இருக்கிறது. சிலர் நேரே ஏழில் வைப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு வெள்ளம், ஒரு வெயில். அதில் மோதல் வேடிக்கை உண்டு, தீர்மானிக்க ஒன்றுமில்லை. இரண்டிலோ மூன்றிலோ வையுங்கள்; மழை வராமலே போகிற இரவுகளும் இருக்கட்டும். வராமலும் போகலாம் என்பதால்தான் மேகம் கறுக்கும்போது வயிறு கலங்குகிறது. தூறல் விழுந்ததும் “முதல்ல இருந்து போடுவோம்” என்கிறவர்களோடு நான் ஓட்டுவதில்லை. இருபது நிமிடப் பந்தயத்தில் மழை வைப்பதும் வீண்.

இன்னொரு நுட்பம் தூரம் சார்ந்தது. 250 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வினாடிக்கு எழுபது மீட்டர் போகிறது. செய்தி வந்து சேர வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானால், நீங்கள் பார்க்கிற நண்பரின் கார் ஏழு மீட்டர் பின்னால், பழைய இடத்தில் இருக்கும். இடைவெளியைக் கணினி ஊகித்து நிரப்புகிறது. ஈரத்தில் கார் திடீரென்று வழுக்கினால் அந்த ஊகம் பொய்க்கும். கார் துள்ளி இடம் மாறும். ஆகவே மழையில் சற்றுத் தள்ளியே பின்தொடர்வது மரியாதை. அந்த மரியாதை தெரிந்தவர்களோடுதான் சக்கரத்துக்குச் சக்கரம் ஒட்டி ஓட்ட முடியும்.

நிஜ மழையும் எங்கள் பந்தயத்துக்குள் வரும். ஐப்பசி மாதத்தில் வண்டியூரில் இடி இடித்தால் மின்சாரம் போகலாம். திரையில் ஸ்பா வெயிலில் காயும்; ஜன்னலில் சாரல் அடிக்கும். ரவுட்டருக்கும் மோடத்துக்கும் இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்துவிடுவது நல்லது. ஒருவர் இணைப்பு அறுந்துபோனால் மற்றவர்கள் வேகம் குறைத்துக் காத்திருப்போம். 2020 ஜூனில் 50 கார்களும் 200 ஓட்டுநர்களுமாக இணையத்தில் நடந்த லெ மான் 24 மணிப் பந்தயமே சர்வர் கோளாறால் இடையில் நிறுத்தப்பட்டுத்தான் தொடர்ந்தது.

இதில் இல்லாதது உடம்பு. கார் வழுக்குவதை நிஜ ஓட்டுநர் முதலில் இடுப்பில் உணர்வார். எங்களுக்கு அது கிடையாது. உயிர்ப் பயமும் கிடையாது. அதனால் இதை நிஜப் பந்தயத்தின் நிழல் என்று நினைக்க வேண்டாம். கண்ணும் காதும் கையும் மட்டும் கொண்டு மழையைப் படிக்கிற தனி வித்தை இது. நிஜத்தில் மழை என்ன செய்யும் என்று சென்னை பார்த்திருக்கிறது. தீவுத்திடலைச் சுற்றிய சாலையில் 2023 டிசம்பரில் நடக்கவிருந்த இரவுப் பந்தயத்தை மிக்ஜாம் புயல் தள்ளிவைத்தது. 2024 ஆகஸ்ட் 31 அன்று ஒருவழியாகத் தொடங்கியபோதும் மழையால் தாமதம்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய தடம் 1990 முதல் இயங்குகிறது, 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் சென்னை கருண் சந்தோக்கும் ஓட்டிய தடம். அதை லேசரால் அங்குலம் அங்குலமாக அளந்து, வடகிழக்குப் பருவமழையோடு எங்கள் கைக்குத் தர வேண்டும். ஐரோப்பியத் தூறல் போதாது. ஐப்பசியில் இருட்டிக்கொண்டு வந்து கொட்டி, அரை மணியில் வெறித்துவிடுகிற நம் மழை வேண்டும். எந்த வளைவில் தண்ணீர் முதலில் தேங்கும் என்று அங்கே ஓட்டிய நம் ஆட்களிடம் கேட்டு, பள்ளம் மேடு பிசகாமல் செய்துகொடுத்தால் போதும். டயர் மாற்றுவதா வேண்டாமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.