நூற்றுக்கு எத்தனை ரூபாய் வட்டி?

(மும்பை தாராவியில், கற்போர் மாலை வகுப்பில் தீபாவளிக்கு முன்பு பேசியது)



தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. உங்களில் பலர் திருநெல்வேலிப் பக்கம் போவீர்கள். வெறுங்கையோடு ரயில் ஏற முடியுமா? அம்மாவுக்குச் சேலை, மச்சானுக்குச் சட்டை, பிள்ளைகளுக்குப் பாவாடை. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு வங்கி என் அண்ணனுக்குக் கிரெடிட் கார்டு கொடுத்தது. அந்தத் தீபாவளிக்கு அண்ணன் கார்டைத் தேய்த்து 20,000 ரூபாய்க்குத் துணியும் சாமானும் வாங்கினார். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா தன் சேலையைத் தெரு முழுவதும் காட்டினார்.

அடுத்த மாதம் பில் வந்தது. அதில் இரண்டு தொகை இருந்தது. ஒன்று 20,000. இன்னொன்று 1,000. இதுதான் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை. ஊருக்குப் போய் வந்ததில் கையில் இருந்தது கரைந்துவிட்டது. அண்ணன் ஆயிரத்தைக் கட்டினார். மாதாமாதம் அப்படியே கட்டினார்.

ஒரு வருடத்தில் 12,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. கடன் 3,000 ரூபாய்கூடக் குறையவில்லை!

எப்படி? பலகையில் எழுதுகிறேன், பாருங்கள். பாக்கி 20,000. மாத வட்டி மூன்றரை சதவீதம். அது 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அது 126 ரூபாய். இரண்டும் சேர்த்து 826. நாம் கட்டுவது 1,000. அப்படியானால் கடனில் கழிவது 174 ரூபாய்தான்.

அம்மாவிடம் சொன்னோம். அவருக்குச் சதவீதம் தெரியாது. "நூற்றுக்கு எத்தனை ரூபாய் வட்டி?" என்று கேட்டார். மாதம் மூன்றரை ரூபாய் என்றோம். "நம்ம ஊரு வட்டிக்காரரே ரெண்டு ரூபாதானே வாங்குறாரு! தெரிஞ்சிருந்தா இந்தச் சேலை வேண்டாம்னு சொல்லியிருப்பேனே" என்றார்.

எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

பில் முழுவதையும் கெடு நாளுக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. அது உண்மை. பாக்கி வைத்தால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி இருக்கும்போது அதே கார்டில் அரிசி வாங்கினாலும், அதற்கும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். நல்ல வேளை, அந்த வருடம் அண்ணன் வேறு எதுவும் வாங்கவில்லை. கார்டில் ரொக்கம் எடுத்தாலும் எடுத்த நாள் முதலே வட்டி.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் தீர மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகும் என்ற எச்சரிக்கை பில்லில் இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளிலேயே சொல்லப்பட்டது. எங்கள் பில்லிலும் இருந்தது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. பத்தாம் வகுப்பு படித்த நானும் அதைப் படிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கம்தான்.

கடைசியில் அண்ணி தன் வளையலை வங்கியில் அடகு வைத்தார். அங்கே நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவான வட்டி. அந்தப் பணத்தில் கார்டுக் கடனை ஒரே தடவையில் அடைத்தோம். வளையலை மீட்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

கார்டு வைத்திருப்பவர்கள் நாளை பில்லை எடுத்து வாருங்கள். செல்போனில் வந்திருந்தாலும் சரி. கார்டு எண்ணை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள். வட்டி எந்த வரியில் இருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து தேடுவோம்.