பொறுத்துப் பார்ப்போம்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வளர்ச்சியிற் பின்தங்கும் குழந்தைகளுக்கு இளம் பருவத்திலேயே அளிக்க வேண்டிய பயிற்சிகள் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். விடயம் பெரிது, எனக்கு அளித்த நேரமோ சிறிது. ஆதலின், நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு சொல்லை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை. தாய்க்கு மனம் ஆறவில்லை, மாமியாரிடம் சொல்கிறாள். "அவன்ர தேப்பனும் நாலு வயசிலைதான் வாய் திறந்தவன். பொறுத்துப் பாப்பம்" என்று விடை வருகிறது.

அன்பினாற் சொல்லும் சொல் அது, குறை கூறேன். தாமதமாகப் பேசத் தொடங்கிப் பின்னர் மற்றவர்களை ஒத்து வளரும் பிள்ளைகளும் உளர். ஆனால் இந்தப் பிள்ளையும் அவர்களுள் ஒருவன்தானா என்பதைப் பரிசோதித்தும் அறியலாம், பொறுத்திருந்தும் அறியலாம். பரிசோதித்து ஒன்றுமில்லையென்று வந்தால் நட்டம் ஒரு நாட்கூலியும் பஸ் காசும். பொறுத்திருந்து, ஏதோ இருக்கிறதென்று வந்தால் நட்டம் இரண்டு ஆண்டுகள்.

செவியை எடுத்துக்கொள்வோம். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களிற் குரல் எழுப்பும். முகம் பார்த்துச் சிரிக்கும். கதவை அடித்துச் சாத்தினால் அதிர்வை உணர்ந்து திரும்பவும் கூடும். வீட்டார் ஏமாறுவது இதனாலேதான். பிறந்து 1 மாதத்துள் செவிப் பரிசோதனை, 3 மாதத்துள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துள் பயிற்சி தொடங்குதல் என்பதே இத்துறை வைத்தியர்கள் வகுத்த கணக்கு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திற் செய்த ஆராய்ச்சியொன்று 1998இல் வெளிவந்தது. 6 மாதத்துள் குறை கண்டறியப்பட்டுப் பயிற்சி பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களை விட மொழித் திறனில் தெளிவாக முன்னின்றனர். இரு சாராரும் செவிப்புலன் குறைந்தவர்களே. தொடங்கிய காலந்தான் வேறு.

இதன் காரணம் மூளையின் இயல்பிலேயே உள்ளது. முதல் மூன்று ஆண்டுகளில் மூளை நரம்புகளின் தொடர்புகள் மிக விரைவாகப் பெருகுகின்றன. பயன்படும் தொடர்பு வலுக்கிறது, பயன்படாதது தேய்கிறது. இதை விளக்குவதற்குப் பழைய வரலாறொன்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர் அநாதை இல்லம் இருந்தது. குழந்தைகளுக்கு உணவும் உடையும் உண்டு, எடுத்துக் கொஞ்சுவாரில்லை. ஹரல்ட் ஸ்கீல்ஸ் என்னும் உளவியலாளர் அங்கே இரு பெண்குழந்தைகளைக் கண்டார். வயது 13 மாதமும் 16 மாதமும். வளர்ச்சியோ 6, 7 மாதக் குழந்தையினதே. இவர்கள் தேறமாட்டார்கள் என முடிவுசெய்து, அறிவு வளர்ச்சி குன்றிய பெண்களின் விடுதியொன்றுக்கு அனுப்பினர். சில மாதங்கள் கழித்து அவ்விடுதிக்குச் சென்ற ஸ்கீல்ஸ் திகைத்தார். இருவரும் ஓடியாடித் திரிந்தனர். விடுதிப் பெண்கள் அவர்களைத் தம் பிள்ளைகளாகவே பாவித்து, நாள் முழுவதும் தூக்கி, பேசி, விளையாட்டுக் காட்டி வந்தனர். பள்ளிக்கூடத்தையே காணாத ஒரு கிழவி பேரனுக்குச் செய்வது எதுவோ அதுவே அங்கு நிகழ்ந்தது.

பின்னர் 13 குழந்தைகளை இவ்வாறு இடம் மாற்றிப் பார்த்து, 1939இல் முடிவை வெளியிட்டனர். இடம் மாறியவர்களின் அறிவுத்திறன் அளவு சராசரி 27 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. இல்லத்திலேயே இருந்த 12 பேருக்கு ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. 1966இல் ஸ்கீல்ஸ் மறுபடியும் அறிக்கை எழுதினார். அப்பொழுது 13 பேரும் பிறர் தயவின்றி வாழ்ந்துகொண்டிருந்தனர். மற்றப் 12 பேரில் ஒருவர் இறந்துவிட்டார். நால்வர் இன்னமும் விடுதிகளிலேயே இருந்தனர்.

இதைக் கேட்டு அளவுக்கு மிஞ்சிய முடிவு செய்தல் தகாது. அக்குழந்தைகளின் பின்னடைவு கவனிப்பின்மையால் வந்தது; பிறவியில் வந்த குறைகள் அவ்வாறு முற்றாக நீங்குவதில்லை. டவுண் நிலையுடன் பிறந்த பிள்ளை அந்நிலையுடனேயே வாழும். ஆட்டிசத்தை மாற்றும் மருந்தும் இல்லை. மாற்றித் தருவோம் எனப் பெருந்தொகை கேட்பவரிடம் போகாதீர்கள். பயிற்சியால் வருவது வேறு: தானே கோப்பையிற் குடித்தல், நிமிர்ந்து உட்காருதல், தண்ணீர் வேண்டுமென்று காட்டிக் கேட்டல். கேட்கத் தெரியாத பிள்ளை அழுது தலையை மோதும். கேட்கக் கற்றபின் அதிற் பெரும்பகுதி ஓயும்.

நிற்க, நாம் மெச்சும் ஒரு குணத்தைப் பற்றியும் கூறவேண்டும். "என்ர பிள்ளை குழப்படியே இல்லை, தன்ர பாட்டிலை இருக்கும்" என்று தாய் பெருமைப்படுவாள். 9 மாதமாகியும் பேர் சொல்லி அழைக்கத் திரும்பாவிடில், ஒன்றரை வயதாகியும் காகத்தையோ நிலாவையோ விரல் நீட்டிக் காட்டாவிடில், அந்த அமைதியைக் கவனிக்க வேண்டும். ஒன்றரை வயதிற் பிடியாமல் நடவாமையும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமையும் அவ்வாறே. பேசிய சொற்கள் மறைந்தால், எந்த வயதாயினும் ஒரு கிழமையேனும் தாமதித்தல் கூடாது.

தாய்மேற் பழிபோடும் வழக்கம் நம்மவருக்கு மட்டும் உரியதன்று. நாம் கன்மம் என்கிறோம். மேல்நாட்டாரோ ஒரு காலத்தில், தாயின் அன்பு குளிர்ந்துபோனதே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று நூலே எழுதினர். பேர்னாட் றிம்லண்ட் என்பவர், தாமே அத்தகைய ஒரு பிள்ளையின் தகப்பனார், 1964இல் அக்கொள்கையை மறுத்து நூல் வெளியிட்டார். இன்று அது முற்றாகக் கைவிடப்பட்டுள்ளது. நம் ஊர்களிலோ, அயலார் வாய்க்கு அஞ்சிப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகாத தாய்மார் இன்றும் இருக்கின்றனர்.

இனி, பயிற்சி எங்கே நடக்கிறது? 1969இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், போட்டேஜ் என்னும் ஊரில், ஒரு முறை தொடங்கிற்று. அது நாட்டுப்புறம், வீடுகள் தூரந்தூரமாயிருந்தன. பிள்ளைகளை ஓரிடத்திற் கூட்ட இயலாமையால், ஆசிரியர் கிழமைக்கொருமுறை வீடு தேடிச் சென்று, அடுத்த கிழமை வரை செய்யவேண்டியதைத் தாய்க்குப் பழக்கினார். பேச்சுச் சிகிச்சையாளரிடம் அரைமணி நேரம் இருப்பதால் மட்டும் பிள்ளை பேசாது. அங்கே காட்டித் தந்ததைக் குளிக்க வார்க்கையிலும் சோறு தீத்துகையிலும் வீட்டில் தொடரவேண்டும். ஒரு கையில் வாழைப்பழமும் மறுகையில் பிஸ்கற்றும் காட்டி, பிள்ளை பார்வையாலோ விரலாலோ ஒன்றைத் தெரியும் வரை காத்திருப்பதும் பயிற்சியே. காத்திருத்தல் நமக்கு மிகக் கடினம். பிள்ளை கேட்குமுன் கொடுத்துப் பழகியவர்கள் நாம். கால் விறைத்த பிள்ளையைப் படுக்கவைத்துத் தீத்தாமல், சுருட்டிய துவாயை அணைகொடுத்து நிமிர்த்தி இருத்த வேண்டும். இல்லையேல் உணவு சுவாசக் குழாயுட் போய் நெஞ்சுச் சளியாகும்.

இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். இச்சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளிலேயே உள்ளனர். தூரத்துக் கிராமத்துத் தாய் பஸ் மாறி, ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பிற் சுமந்து, இரண்டு முறை போவாள். மூன்றாம் முறை போகாள். கிளினிக் நாளில் ஒரு மோட்டார் வண்டியும், மூத்த பிள்ளையைப் பாடசாலையால் கூட்டிவர ஒருவரும் இருந்தால் அவள் போவாள். அதற்குப் பணமும் அதிகம் வேண்டியதில்லை. ஒரு பட்டியலும் முறையும் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலிற் சொல்லுங்கள்; கிளினிக் வைத்தியர் மூலம் குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை மறவாதீர்கள். நிறை குறிக்கும் பக்கத்தையே நாம் பார்க்கிறோம். எந்த வயதில் என்ன செய்யும் என்ற பக்கமும் அதில் உண்டு. வீட்டில் விளையாடும்போது தொலைபேசியிற் சிறிது படம் பிடித்துக்கொண்டு போங்கள். வைத்தியர் முன் பிள்ளை அழும், அல்லது தூங்கிவிடும். ஐந்து வயது கடந்துவிட்டதே என்று இங்கு எந்தத் தாயாவது நெஞ்சடைத்து இருந்தால், அவரும் இந்தக் கிழமையே போகலாம்; ஆறு வயதில் தொடங்கியும் தன் பசியைச் சொல்லக் கற்ற பிள்ளைகள் உண்டு.