குதிரை விலையும் கொள்ளு விலையும்

 

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் கருணையும் நம் உயிரினும் மேலான பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

வாகனம் ஓர் அருட்கொடை. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம், நாம் ஏறிச் செல்லும் பிராணிகளை இறைவனின் அருள்களுள் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறது. விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார் ஆகியவற்றோடு வசதியான வாகனத்தையும் மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதாக நபிமொழி நூல்களில் காண்கிறோம். எனவே, நல்ல கார் வைத்திருப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால், அண்மைக் காலமாக நம் இளைஞர்களிடம் ஓர் ஆசை வளர்ந்து வருகிறது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கக்கூடிய வெளிநாட்டுக் கார்கள் பழைய வண்டிச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கும் பணம் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். வாங்கிய பிறகு அதற்கு ஆண்டுதோறும் என்ன செலவாகும் என்று கேட்பவர் மிகச் சிலரே. குதிரையின் விலை வேறு, அது தின்னும் கொள்ளின் விலை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதையே இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

அன்பர்களே! இது நம் மண்ணுக்குப் புதிய செய்தியன்று. 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியர் ஆட்சிக் காலத்தில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. ஹுர்முஸ், கைஸ், ஏதேன் முதலிய துறைகளிலிருந்து வணிகர்கள் அவற்றைக் கொண்டுவந்தனர். கைஸ் தீவின் வணிகத் தலைவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அக்காலத்தில் வேகத்திலும் வலிமையிலும் முதலிடம் பெற்ற வாகனம் அதுவே. அதன் விலையோ பொன்னால் அளக்கப்பட்டது.

அந்தக் குதிரைகள் என்னவாயின? அக்கரையைக் கண்டு சென்ற மார்க்கோ போலோ வியப்போடு எழுதி வைத்திருக்கிறார். இங்குள்ள அரசர்களுள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு எஞ்சவில்லையாம். லாடம் அடித்துப் பராமரிக்கத் தெரிந்தவர் இங்கு இல்லை என்பதும், வணிகர்கள் அத்தகையோரை இங்கு வரவிடவில்லை என்பதும் அவர் கூறும் காரணங்கள். வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் சேர்த்த தானியமும், காய்ச்சிய பாலும் அவற்றுக்குத் தீனியாகத் தரப்பட்டன என்று வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். செல்வத்துக்குக் குறைவில்லை, அந்தக் குதிரைக்கு என்ன வேண்டும் என்ற அறிவுக்கே குறைவு. பொன் போயிற்று, குதிரையும் போயிற்று.

வேகத்தின் தீனி

இன்றைய வண்டிக்கு வருவோம். வேகம் இரு மடங்கானால் செலவும் இரு மடங்காகும் என்று நினைக்கிறோம். அது தவறு. எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லத் தேவையான ஆற்றலைப் போல 8 மடங்கு, 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லத் தேவைப்படும். இது இயற்கையின் விதி. அத்தனை ஆற்றலைத் தரப் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சினின் வெப்பத்தைத் தணிக்கப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். அந்த வேகத்தை அடக்கப் பெரிய பிரேக் தட்டுகள் வேண்டும். சாலையை இறுகப் பற்ற அகலமான, மென்மையான ரப்பரால் ஆன டயர்கள் வேண்டும். மென்மையான ரப்பர் விரைவில் தேயும். ஆக, ஒரு வேகத்தை வாங்கியவர் அதன் பின்னே வரும் நான்கு செலவுகளையும் சேர்த்தே வாங்குகிறார்.

விலை இறங்கும், தீனி இறங்காது

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2005 முதல் 2010 வரை தயாரித்த எம்5 என்னும் கார் 10 சிலிண்டர்களும் 507 குதிரைத்திறனும் கொண்டது. அமெரிக்காவில் புதிதாக ஏறத்தாழ 80,000 டாலருக்கு விற்கப்பட்ட அந்தக் கார், பிற்காலத்தில் அதன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்குக் கைமாறியது. ‘மலிவாகக் கிடைத்தது’ என்று வாங்கியவர்கள் பலர். ஆனால் அந்த எஞ்சின் ஒரு முறைக்கு 9 லிட்டருக்கு மேல் ஆயில் குடிக்கும், அதுவும் அதற்கென்றே உள்ள தனி ரக ஆயில். அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் தேய்ந்துபோவது பரவலாக அறியப்பட்ட குறை. அவை முற்றும் தேய்ந்தால் எஞ்சினே பாழாகும் என்பதால், நன்றாக ஓடும்போதே எஞ்சினின் அடிப்பகுதியைக் கழற்றி அவற்றை மாற்றிவிடுகிறார்கள் விவரமறிந்த உரிமையாளர்கள். கியரை மாற்றும் ஹைட்ராலிக் பம்ப், கிளட்ச், திராட்டிலை இயக்கும் மோட்டார்கள் என்று பட்டியல் நீளும். வண்டியின் விலை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்பதற்காகப் பேரிங்கின் விலையோ பம்பின் விலையோ மூன்றில் ஒரு பங்காவதில்லை.

எரிபொருளைக் கணக்கிடுவோம். அமெரிக்க அரசின் அளவீட்டின்படி அந்த வண்டி லிட்டருக்குச் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் ஓடும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் 1,820 லிட்டர். கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 1,82,000 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் சாதாரணக் காருக்கு ஏறத்தாழ 67,000 ரூபாய் போதும். வித்தியாசம் ஆண்டுக்கு 1,15,000. ஐந்தாண்டில் 5,75,000. இத்தனைக்கும் பழைய வேகக் கார்களில் எரிபொருள் பெரும்பாலும் பெரிய செலவன்று, கண்ணுக்குத் தெரிந்த செலவு மட்டுமே.

‘இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்பார்கள். நம் நாட்டு வழக்கமான பாலிசி விபத்துக்கு உரியது. தேய்மானத்துக்கும் தானாக ஏற்படும் எந்திரக் கோளாறுக்கும் அது பணம் தராது. விபத்திலும்கூட, தனிச் சேர்ப்பு எதுவும் வாங்காதவருக்கு, டயர், பேட்டரி, பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதி கழிக்கப்படும். மழை வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் புகுந்து எஞ்சின் உடைந்தால், எஞ்சின் பாதுகாப்புச் சேர்ப்பு இல்லாதவரின் கோரிக்கை மறுக்கப்படலாம். 2015 ஆம் ஆண்டின் சென்னை வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு தாயின் கேள்வி

எங்கள் மஹல்லாவில் ஓர் இளைஞர். தந்தையார் வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில், புதிதாக 80 இலட்சம் விலையுள்ள ஒரு வெளிநாட்டுக் காரைப் பத்தாண்டு பழையதாக 14 இலட்சத்துக்கு வாங்கினார். இரண்டாம் ஆண்டில் கியர் பெட்டி பழுதாயிற்று. நாலரை இலட்சம் கேட்டார்கள். அவருடைய தாயார் என்னிடம் வந்தார்கள். அவர்களின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

“ஹஜ்ரத், ஹஜ்ஜுக்காக நான் சேர்த்து வைத்த பணம் இருக்கிறது. வண்டிக்காக மகன் கேட்கிறான். கொடுத்தால் குற்றமா, கொடுக்காவிட்டால் குற்றமா?” என்றார்கள்.

“அம்மா, மகன் பசித்திருந்தால் அவன் வயிற்றுக்குக் கொடுங்கள், நன்மை உண்டு. மகனுடைய வண்டியின் பசிக்குக் கொடுக்க மார்க்கம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை” என்றேன்.

அந்தத் தாய் பணத்தைக் கொடுக்கவில்லை. வண்டி வந்த விலைக்கு விற்கப்பட்டது. மகனுக்கு அன்று வருத்தம்தான். ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: அந்தக் கியர் பெட்டிக்குப் பின்னால் டயர் காத்திருந்தது, டயருக்குப் பின்னால் பிரேக் காத்திருந்தது. ஒரு தாயின் ஹஜ் அவற்றுள் எத்தனைக்குப் போதுமாகியிருக்கும்?

தீனி போட இயலாதவர் என்ன செய்ய வேண்டும்?

வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், வாய்பேச முடியாத பிராணிகளின் விஷயத்தில் இறைவனை அஞ்சிக்கொள்ளுமாறு எச்சரித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஃபிக்ஹ் நூல்களில் மனைவி மக்களின் ஜீவனாம்சத்தைப் பேசும் பாடத்திலேயே பிராணியின் தீனியும் பேசப்படுகிறது. தீனி போட இயலாதவர் அதை விற்றுவிட வேண்டும் என்று நம் இமாம்கள் வழிகாட்டியுள்ளனர்.

காருக்கு உயிர் இல்லை, பசியும் இல்லை. உண்மைதான். ஆனால் பட்டினி போட்ட ஒட்டகம் தான் மட்டுமே துன்புறும். பராமரிப்பில்லாத வேகக் கார் சாலையில் செல்லும் பிறரின் உயிரைப் பறிக்கும். டயரின் பக்கவாட்டில் அளவோடு சேர்த்து ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘எச்’ என்றால் 210 கிலோமீட்டர் வரை, ‘டபிள்யூ’ என்றால் 270 வரை, ‘ஒய்’ என்றால் 300 வரை தாங்கும் என்று பொருள். 250 கிலோமீட்டர் வேகம் எட்டும் வண்டிக்கு, பணம் போதாமல் ‘எச்’ டயரை மாட்டியவர் யாருடைய உயிரைப் பணயம் வைக்கிறார்? பிரேக் தேய்ந்தது தெரிந்தும், ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று குடும்பத்தை ஏற்றிச் செல்பவர் எந்த அமானிதத்தைப் பேணுகிறார்?

வாங்குமுன் எண்ணுங்கள்

சகோதரர்களே! வண்டி இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்க்காதீர்கள். புதிதாக இருந்தபோது என்ன விலை என்று பாருங்கள். பராமரிப்பு அந்த விலைக்கு ஏற்றவாறே அமையும். முன்பணம் கொடுக்குமுன் நான்கு டயர், முன்பின் பிரேக் தட்டுகள், கியர் பெட்டிப் பழுது, ஓராண்டு இன்சூரன்ஸ் ஆகியவற்றின் விலையைக் கேட்டு எழுதுங்கள். டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமையடையும். சர்வீஸ் செய்த பதிவேடு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். அந்த ரக வண்டியின் வேலை அறிந்த மெக்கானிக் உங்கள் ஊரிலோ அருகிலோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மார்க்கோ போலோ சொன்ன லாடக்காரர் இவர்தான்.

பிறகு ஐந்தாண்டுச் செலவைக் கூட்டி, வாங்கும் விலைக்கு அருகில் எழுதுங்கள். அந்தத் தாளை வீட்டாரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், பெற்றோரின் மருந்து, ஜகாத், ஹஜ் எதையும் தொடாமல், வட்டிக் கடனை நாடாமல் அந்தத் தொகையைத் தாங்க முடியுமென்றால், ஹலாலான வாகனம், மகிழ்ச்சியோடு வாங்குங்கள். முடியாதென்றால், நான்கு பேர் அமர்ந்து நிம்மதியாகப் போய்வரும் சிறிய காரே உங்களுக்கு வசதியான வாகனம். வீண்விரயமும் இன்றிக் கஞ்சத்தனமும் இன்றி இடைப்பட்டுச் செலவு செய்வோரை அல்ஃபுர்கான் அத்தியாயம் அளவற்ற அருளாளனின் நல்லடியார்களாக எண்ணுகிறது. அந்த நடுநிலை, கணக்குப் பார்க்காதவருக்குக் கைவருவதில்லை.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! நம் வாகனங்களால் நமக்கும் பிறருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக! ஆமீன்.