விஸ்காம் கடைசி செமஸ்டரின் கணக்கு

விஸ்காம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். இந்த செமஸ்டரில் புராஜெக்ட் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டியவர்கள். எப்படிப் படம் எடுப்பது என்று சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

நான் படித்த கல்லூரியில் பெயருக்கு ஒரு கேமரா இருந்தது. வகுப்பில் அறுபது பேர். வளாகத்தைத் தாண்டி அதை எடுத்துப்போக அனுமதி கிடையாது. ஆகவே சொந்தக் கேமரா வைத்திருந்தவர்களைச் சுற்றியே டீம்கள் உருவாயின. கேமரா வைத்திருந்தவர் இயக்குநர் ஆனார். கதை வைத்திருந்தவர் லைட் பிடித்தார். என் அப்பா கொத்தனார் வேலை பார்ப்பவர். லென்ஸின் ஒருநாள் வாடகையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் பழைய விதிகளில் ஆய்வு மாணவர்கள் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும் செலவுக்குக்கூட இடமிருந்தது. படம் எடுத்துப் பட்டம் வாங்குகிற மாணவர் அதை வகுத்தவர்கள் நினைவுக்கே வரவில்லை போலும்.

காசைப் புரட்டினாலும் அடுத்து கதை நிற்கும். எங்கள் தெருவுக்கு ஊர்க்காரர்கள் தண்ணீர் விடாததை எழுதிக்கொண்டு போனேன். "சென்சிட்டிவ், வேற பண்ணுப்பா" என்றார்கள். அதே வருடம் அதே தெருவுக்கு வந்து, குடத்தோடு நிற்கும் பெண்களை ஸ்லோமோஷனில் எடுத்துப்போன இன்னொரு டீமுக்கு ஒரு தடையும் இல்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வைவாவில் எனக்கு ஆடியோ சரியில்லை என்று மதிப்பெண் குறைந்தது. மைக் வாங்க வழியில்லாததற்கு அங்கே 'தொழில்நுட்பத் தரம்' என்று பெயர்.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திக் குறும்படம் 'பிஸ்துல்யா', அவர் அகமத்நகரில் படித்தபோது செய்த கல்லூரி புராஜெக்ட். பள்ளிக்கூடம் போக ஏங்கும் சிறுவனைப் பற்றியது. 58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் பரிசு பெற்றது. 2013இல் 'ஃபன்றி' வந்தது. திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்று நம்மிடம் சொல்ல அவரைத்தான் காட்டுவார்கள். அவரோடு படிக்க வந்து ஸ்கிரிப்டோடு நின்றுபோனவர்களை யார் காட்டுவது?

துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். கேமராவும் மைக்கும் எந்த டீமுக்கு எத்தனை நாள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். செலவுக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள். செல்போனில் எடுத்த படத்தையும் ஏற்கச் சொல்லுங்கள். கதையை மறுத்தால் காரணத்தை எழுதி வாங்குங்கள். ஒருவராகப் போகாதீர்கள், இன்டர்னல் மார்க்கை ஞாபகப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். மனு எழுதக் காகிதமும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இங்கேதான் இருப்பேன்.