தசை தளர்த்தும் மாத்திரை



இடுப்புப் பிடிப்புக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் தசை தளர்த்தும் மாத்திரையைப் பற்றி இன்று நாம் பேசுகிறோம். அம்மாத்திரையே வேண்டாமென்பது நமது அபிப்பிராயமல்ல. ஏன், எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேளாமல் விழுங்குவதைத்தான் கண்டிக்கிறோம்.

மாத்திரை நேரே இடுப்புக்குப் போய்ப் பிடிப்பை அவிழ்ப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. இவற்றில் பெரும்பாலானவை மூளையையும் முதுகுத் தண்டையும் மந்தப்படுத்தியே வேலை செய்கின்றன. தூக்கமும் தள்ளாட்டமும் அதனாலேயே வருகின்றன. மூச்சை நடத்துவதும் அதே மூளைதானே! அதனுடன் சாராயமோ, தூக்க மாத்திரையோ, அபினி வகை வலி மருந்தோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகக் கூடும்.

மூட்டை சுமப்பவர் மறுநாள் கூலி போய்விடுமே என்று ஒன்றுக்கு மூன்றாய் விழுங்குகிறார். வலி மறந்து போகிறதே தவிர, முதுகு குணமாவதில்லை.

“காரிசோப்ரொடால்” என்பதை எடுத்துக் கொள்ளுங்கள். அது உடம்புக்குள் போய் “மெப்ரோபமேட்” என்னும் பழைய பதற்றம் தணிக்கும் மருந்தாக மாறுகிறது, பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2007-ல் இதன் விற்பனையை நிறுத்தச் சிபாரிசு செய்தது. அமெரிக்க சர்க்கார் 2012 முதல் இதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது.

நம் நாட்டு யோக்கியதை என்ன? இதையே “டாபெண்டடால்” என்னும் அபினி வகை மருந்தோடு கலந்து, கானா, நைஜீரியா முதலிய நாடுகளுக்கு அனுப்பி லாபம் அடித்தார்கள். அங்குள்ள வாலிபர்கள் போதைக்காக விழுங்கினார்கள். 2025 பிப்ரவரியில் பி.பி.சி. இதை வெளிப்படுத்திய பிறகே இந்திய சர்க்கார் அக்கலவைக்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தது. எவன் பிள்ளை கெட்டாலும் நமக்குப் பணம் வந்தால் போதுமென்பது மனிதத்தன்மையாகுமா?

நிறுத்துவதிலும் ஆபத்துண்டு. “பாக்ளோபென்” நெடுநாள் சாப்பிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக் கூடும். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

“பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டதே” என்பதும் வாதமல்ல. சிறுநீரகம் கெட்டவருக்கு அதே பாக்ளோபென் சாதாரண அளவிலேயே நினைவு தவறச் செய்யும்.

ஆகவே தோழர்களே! பழைய சீட்டை நீட்டி மாத்திரை வாங்காதீர்கள். உங்களுக்குள்ள வியாதி, குடிப்பழக்கம், சாப்பிடும் வேறு மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறகு, “எத்தனை நாளைக்கு?” என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதையல்ல, கேளாமலிருப்பதுதான் அறிவுக்கு அவமரியாதை.